எந்தப் பாகம் பழையது

புதுமை என்ற சொல்லைத் தமிழில் நாம் அறுபது வருஷங்களுக்கு மேலாக ஒரு நற்சாட்சிப் பத்திரம் போல வழங்கி வந்திருக்கிறோம். ஒரு கவிதை புதிது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை என்றும், பழையது என்று சொல்லிவிட்டால் பேசவே வேண்டியதில்லை என்றும் ஆகிவிட்டது. அதில் எந்தப் பாகம் புதிது, எந்தப் பாகம் பழையது, இரண்டும் எந்த இடத்தில் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்பவர்கள் குறைவு. நான் தொழிலால் பின்னல் மிஷின் மெக்கானிக். திருப்பூரில் முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பழைய வட்டப் பின்னல் மிஷின்களைப் பிரித்து, கழுவி, மாற்றிப் பூட்டிக் கொண்டிருக்கிறேன். பட்டறையில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. ஆகவே இலக்கியப் புதுமை பற்றி எனக்குத் தோன்றுவதை ஒரு ரயிலைக் கொண்டு சொல்லிப் பார்க்கிறேன்.

டோக்கியோவின் அசாகுசா நிலையத்திலிருந்து வடமேற்கே அகாகி என்ற ஊர் வரை சுமார் 115 கிலோமீட்டர் போகும் விரைவு வண்டிக்கு ரியோமோ என்று பெயர். டோபு என்ற தனியார் ரயில்வே கம்பெனியின் வண்டி அது. 1991 பிப்ரவரியில் இந்தத் தடத்தில் ‘200 வரிசை’ என்ற மின்ரயில்கள் ஓடத் தொடங்கின. ஆறு பெட்டிகள் கொண்ட ஒன்பது தொடர்கள். சாய்ந்த முகம், வெளிர் நிற உடம்பு, சிவப்புப் பட்டை. டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவனுக்கு அது புத்தம் புது வண்டி. ஆனால் அவனுடைய இருக்கைக்குக் கீழே சுழன்ற மோட்டார்களும் சக்கரங்களைத் தாங்கிய போகிகளும் பழையவை. 1960இல் இதே கம்பெனி நிக்கோ என்ற கோயில் ஊருக்குச் சுற்றுலாக்காரர்களை அழைத்துப்போக ‘1720 வரிசை’ என்ற ஆடம்பர வண்டியை விட்டிருந்தது. ‘டீலக்ஸ் ரொமான்ஸ் கார்’ என்பது அதன் செல்லப் பெயர். பாட்டுப் பெட்டி வைத்த கூடமெல்லாம் அதில் இருந்தது. தேசிய ரயில்வேயும் அதே நிக்கோவுக்கு வண்டி விட்ட காலம். போட்டி கடுமையாக இருந்தது. முப்பது வருஷம் ஓடிய பிறகு, 1990இல் ஸ்பேசியா என்ற வேறொரு வண்டி வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. பழைய உடம்புகள் கழற்றப்பட்டன. மோட்டாரும் போகியும் புது உடம்புக்குக் கீழே போயின. நிக்கோவின் ஆடம்பரம் ரியோமோவின் அன்றாடமாயிற்று.

விஷயம் இதோடு முடியவில்லை. ஒன்பது தொடர்களுக்கும் பாகம் கொடுத்தவற்றில் ஏழு, 1720 வரிசையாகவே பிறந்தவை. மற்ற இரண்டும் அதற்கும் முந்திய, 1956இல் வந்த 1700 வரிசையைச் சேர்ந்தவை. 1970களின் தொடக்கத்தில் அவற்றின் முதல் உடம்பைக் கழற்றிவிட்டு, 1720இன் உடம்பை ஏற்கெனவே ஒரு முறை மாட்டியிருந்தார்கள். அதாவது 1956இல் ஓடத் தொடங்கிய சில போகிகள் மூன்று உடம்புகளைச் சுமந்திருக்கின்றன. மூன்று முறையும் மேலே உட்கார்ந்திருந்தவர்கள் அதைப் புது வண்டி என்றுதான் நம்பினார்கள்.

இந்த வண்டி போகும் சீமையை நான் கவனிக்க நேர்ந்ததற்குக் காரணம் ரயில் மீதுள்ள மோகம் அல்ல. அஷிகாகா, கிரியூ, இசெசாகி — ரியோமோ வட்டாரத்தின் இந்த ஊர்களெல்லாம் நெசவு ஊர்கள். பட்டுக்கும், மெய்சென் என்ற பட்டுத் துணிக்கும் பெயர் போனவை. கிரியூவில் ரம்பப் பல் போலக் கூரை வைத்த பழைய தறிக் கூடங்கள் இன்னும் நிற்கின்றன. கூரையின் செங்குத்தான பக்கம் வழியாக வடக்கு வெளிச்சம் உள்ளே விழும், நூலின் நிறம் பகல் முழுக்க ஒரே மாதிரித் தெரியும். ரியோமோ என்ற பெயரை எழுத்துக்கு எழுத்து படித்தால் ‘இரண்டு ரோமம்’ என்று வரும். மேல், கீழ் என்று இரண்டாகப் பிரிந்த பழைய நாடு ஒன்றின் பெயரிலிருந்து வந்த எழுத்து அது. பஞ்சுத் தூசி நெஞ்சில் படிந்த ஊர்க்காரனுக்கு இந்தப் பெயர் தற்செயலானதாகப் படாது.

இதையெல்லாம் எனக்கு முதலில் சொன்னவர் ஜப்பானிய மிஷின் ஒன்றை நிறுவ வந்த ஒரு சர்வீஸ்காரர். கிரியூ பக்கத்து மனிதர். எங்கள் பட்டறைக்கு ஒரு பாகம் தேடி வந்தவர், பிரித்துப் போட்டிருந்த பழைய மிஷின்களின் நடுவே வெகு நேரம் நின்றார். மொழிபெயர்க்கக் கூட வந்த பையனுக்கு அவசரம், அவருக்கு அவசரமில்லை. எங்கள் ஊருக்குப் போகும் வண்டியும் இப்படிச் செய்ததுதான் என்று செல்போனில் படம் காட்டினார். எங்கள் மூத்த ஃபிட்டர் — பட்டறையில் எல்லோருக்கும் அவர் ‘அண்ணன்’ — படத்தை வாங்கிக் கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்துவிட்டு, “ஏனுங் தம்பி, இதுல எது பழசுன்னு கேளுங்க” என்றார். வந்தவர் விரலால் படத்தின் அடிப்பாகத்தைத் தொட்டார். அண்ணன் தலையை ஆட்டினார். இருவருக்கும் இடையே அதற்கு மேல் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காரியம் நம் தண்டவாளத்திலேயே நடந்திருக்கிறது. தொண்ணூறுகளில் இந்தத் தடம் மின்மயமான பிறகு ஈரோட்டுக்கும் கோவைக்கும் இடையே திருப்பூரைத் தாண்டிப் போன எக்ஸ்பிரஸ்களை இழுத்தவற்றில் டபிள்யூஏபி-4 என்ற மின் எஞ்சின் முக்கியமானது. சித்தரஞ்சன் தொழிற்சாலையில் 1994 முதல் செய்யப்பட்டது. ஆனால் அந்தப் பெயர் தாங்கிய எஞ்சின்கள் எல்லாமே அப்படிப் பிறந்தவை அல்ல. 1980இல் வந்த டபிள்யூஏபி-1 என்ற முந்திய வகையைச் சேர்ந்த பல எஞ்சின்களைப் பிரித்து டபிள்யூஏபி-4 ஆக மாற்றினார்கள். முந்தியதில் இருந்தவை பிரெஞ்சு வழி வந்த மோட்டார்கள்; ஏறக்குறைய 3,800 குதிரைத்திறன். அவற்றை எடுத்துவிட்டு ஜப்பானின் ஹிட்டாச்சி வடிவமைப்பு மோட்டார்களைப் போட்டார்கள். டிரான்ஸ்பார்மரும் மாறியது. 5,000 குதிரைத்திறன் ஆயிற்று. கூடு அதேதான்.

ஆக, டோபு செய்தது பழைய இருதயத்துக்குப் புது உடம்பு. நம்மவர்கள் செய்தது பழைய உடம்புக்குப் புது இருதயம். இரண்டையும் ‘மாற்றிக் கட்டியது’ என்ற ஒரே சொல்லால் குறிப்பிட்டாலும் இவை வேறு வேறு காரியங்கள். ஒன்றில் பிரயாணி ஏமாறுகிறான், சந்தோஷமாக. மற்றதில் பார்ப்பவன் ஏமாறுகிறான், அலட்சியமாக: பழைய எஞ்சின்தானே என்று திரும்பிக்கொள்கிறான், அது இருபத்து நாலு பெட்டிகளை இழுத்துக்கொண்டு போகிறது.

எங்கள் பட்டறையில் இரண்டும் நடக்கும். வட்டப் பின்னல் மிஷினில் சட்டம், கால், பெரிய பல்சக்கரம், துணியை இழுத்துச் சுருட்டும் பகுதி எல்லாம் ஒரு பக்கம். சிலிண்டர், கேம், சிங்கர், ஊசி மற்றொரு பக்கம். ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதைத்தான் கேஜ் என்கிறோம். முப்பது அங்குல விட்டமுள்ள 24 கேஜ் சிலிண்டரில் ஏறக்குறைய 2,260 ஊசிகள் இருக்கும். அதைக் கழற்றி 28 கேஜ் சிலிண்டர் வைத்தால் 2,640. துணி மெல்லியதாகும், நயமாகும், வேறு நூல் கேட்கும், வேறு விலைக்குப் போகும். பழைய சட்டத்தின் மேல் ஒரு புது மிஷின் பிறந்துவிட்டது என்று முதலாளி சந்தோஷப்படுவார். ஆனால் பெரிய பல்சக்கரம் தேய்ந்திருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் ஒரு சிறு தடுமாற்றம் இருக்கும். பருமனான பழைய துணியில் அது கண்ணுக்குத் தெரியாமல் இருந்திருக்கும். நயமான துணியில் குறுக்கே கோடாக விழும். சாயம் ஏற்றிய பிறகு இன்னும் நன்றாகத் தெரியும். எத்தனை நல்ல ஊசி போட்டாலும் போகாது. சட்டம் துணியில் பேசிவிடும்.

கவிதைக்கு வருகிறேன். சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ 1959இல் தொடங்கியபோது யாப்பு என்ற உடம்பு கழற்றப்பட்டது. அந்த இடத்தில் வசனத்தின் உடம்பு மாட்டப்பட்டது. கீழே இருந்த மோட்டார் என்ன ஆயிற்று என்பது ஆளுக்கு ஆள் வேறு. ந. பிச்சமூர்த்தியை எடுத்துக்கொள்வோம். முப்பதுகளிலேயே வசன கவிதை எழுதத் துணிந்தவர். ஆனால் அவருக்குள் ஓடியது மிகப் பழைய வேதாந்த மோட்டார். அதை அவர் ஒளிக்கவில்லை. எது பழையது என்பதில் அவருக்குக் குழப்பமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஆகவே துணியில் கோடு விழவில்லை. 1971இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’யின் கதை வேறு. இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டர். எங்களில் பலர் வாசிக்கத் தொடங்கியதே அதில்தான். சமூகக் கோபம் உண்மையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் யாப்பைக் கழற்றியவர்களில் பலர் மேடையின் பல்சக்கரத்தைக் கழற்றவில்லை. கைதட்டலுக்காக இடம் விட்டு நிறுத்தும் அந்தப் பழைய பேச்சின் சுற்று, வரிகளை உடைத்துப் போட்ட பிறகும் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வந்தது. கேஜ் மாறியது, கோடு தெரிய ஆரம்பித்தது.

இதை வானம்பாடிக்காரர்கள் மீது மட்டும் வைப்பது நியாயமாகாது. நம் சிறு பத்திரிகைக் கவிதையில் தலைகீழான வியாதி ஒன்றும் உண்டு. டோபு கம்பெனி 1998இல் ரியோமோவுக்கு இன்னும் ஒரே ஒரு தொடர் செய்தது. ‘250 வரிசை’ என்று எண். அதற்குக் கொடுக்கப் பழைய மோட்டார்கள் மிச்சமில்லை. எல்லாப் பாகமும் புதிதாகச் செய்தார்கள். ஆனால் முகத்தை மட்டும் மற்ற ஒன்பதைப் போலவே வைத்தார்கள். பழைய இருதயத்துக்காக உருவான ஒரு முகத்தை, அந்த இருதயமே இல்லாத ஒன்று அணிந்துகொண்டது. ரயிலில் இது குற்றமில்லை. பத்து வண்டிகளும் ஒரே நிலையத்துக்கு வரவேண்டியவை. கவிதையில் நிலைமை வேறு. முன்னோடி ஒருவனுக்கு அவனுடைய தனிமை கொடுத்த இறுக்கத்தை, அந்தத் தனிமையின் சுவடே இல்லாத பின்னவன் முகமாக அணிந்துகொள்கிறான். வரி சின்னதாகிறது, மௌனம் இடத்துக்கு இடம் வைக்கப்படுகிறது. நாமும் குடும்ப ஜாடையைப் பார்த்து வண்டிக்குக் கொடி அசைத்துவிடுகிறோம். அடுத்த வருஷம், 1999இல், ரியோமோ சாதாரண எக்ஸ்பிரஸ் என்ற நிலையிலிருந்து லிமிடெட் எக்ஸ்பிரஸ் என்று உயர்த்தப்பட்டது. வண்டி அதே வண்டி. விமர்சனம் என்ற பெயரில் நாம் செய்வதில் பாதி இந்த மாதிரியான பதவி உயர்வுதான்.

ஆனால் டோபுவிடம் நம்மிடம் இல்லாத ஒன்று இருந்தது: கணக்கு. எந்தப் போகி எந்த வருஷத்தது, எந்த உடம்புக்குக் கீழே எத்தனை காலம் ஓடியது என்று பட்டறைக்குத் தெரியும். தெரிந்திருந்ததால்தான் மூன்றாவது உடம்பையும் அதன் மேல் துணிந்து வைக்க முடிந்தது. நம்மிடம் மரபு பற்றி அபிப்பிராயங்கள் இருக்கின்றன, கணக்கு இல்லை. மரபை உதறினேன் என்பவனும் மரபில் வேரூன்றினேன் என்பவனும் அடியில் குனிந்து பார்க்காமலேயே சொல்கிறார்கள்.

இந்தக் கணக்கின்மை இலக்கியத்தோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். திருப்பூர் என்ற ஊரே உடம்பு மாற்றிக் கட்டிய வண்டிதான். 1920களில் கையால் சுற்றும் மிஷினில் பனியன் துணி பின்னத் தொடங்கிய ஊர். 1978இல் இத்தாலியிலிருந்து ஒரு வியாபாரி வந்ததிலிருந்து ஏற்றுமதி என்ற புது உடம்பு. உள்நாட்டு வெள்ளைப் பனியன் போய் வெளிநாட்டு வண்ணச் சட்டை வந்தது. 2009இல் மாவட்டத் தலைநகர் என்ற பெயர்ப் பலகை. ஒவ்வொரு முறையும் புது வண்டி வந்துவிட்டது என்றார்கள். அடியில் இருப்பது மாறவில்லை: பீஸ் ரேட், காண்ட்ராக்ட், ராத்திரி ஷிப்ட், தேநீர்க் கடைக் கடன். 1984இல் பஞ்சப்படி கேட்டு நாலு மாதத்துக்கு மேல் தொழிலாளர்கள் வேலை நிறுத்தம் செய்தார்களே, அது ஒரு முறை அந்த அடிப்பாகம் சத்தம் போட்டது. 2011 ஜனவரியில் நொய்யல் கழிவுக்காகச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது இன்னொரு முறை கோடு விழுந்தது, ஆற்றில் விழுந்தது. இப்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வரும் பிள்ளைகளைப் ‘புது ஆட்கள்’ என்கிறோம். ஆள் புதிது, அவன் ஏறி நிற்கும் போகி 1984க்கும் முந்தியது.

அண்ணனின் விஷயம் இதில்தான் வருகிறது. மங்கலத்தில் பன்னிரண்டு வயதில் விசைத்தறிக்குப் போனவர். பிறகு பனியன் கம்பெனியில் மிஷின் ஓட்டினார். அந்த நாலு மாதமும் வேலைக்குப் போகாமல் நின்றவர்களில் ஒருவர். அதன் பிறகு எங்கள் பட்டறை. மூன்று உடம்பு, ஒரே கைகள். ஓடும் மிஷினின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எந்த பேரிங் போகப் போகிறது என்று சொல்வார். சொன்னால் சரியாக இருக்கும். இந்த வருஷம் பட்டறையைச் சின்ன முதலாளி ஏற்றுக்கொண்டார். பழசை மாற்றிக் கட்டும் வேலையைக் குறைத்துவிட்டு, கம்ப்யூட்டர் வைத்த புது மிஷின்களுக்கு சர்வீஸ் எடுப்பது அவர் திட்டம். கணக்குப் பார்த்தால் அதில் பிழையில்லை. “அண்ணா, பெரியவருக்குக் கண்ணும் சரியில்லை. கேட்டுல வாட்ச்மேனாப் போட்டர்லாம். சம்பளம் கொஞ்சம் கொறையும். நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க” என்றார்.

நான் சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாக ஒரு யோசனை சொன்னேன்: புது ஆட்களில் இரண்டு பையன்களை ஒரு வருஷம் அவர் கையோடு விடுங்கள், சம்பளத்தில் கை வைக்க வேண்டாம், கம்ப்யூட்டர் மிஷினிலும் பேரிங் இருக்கத்தான் செய்கிறது என்று. முதலாளி பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்பதற்குத் திருப்பூரில் என்ன அர்த்தம் என்று இங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

அண்ணனுக்கு யார் மூலமாகவோ தெரிந்துவிட்டது. சாயங்காலம் கை கழுவும்போது என்னிடம் வந்தார். கோபமில்லை. “தம்பி, அந்த சப்பான்காரரு காட்டுனாரே வண்டி. அடில இருந்தத எடுத்துப் புது வண்டிக்குத்தான போட்டாங்க? கேட்டுக்கிட்ட நிறுத்தி வெக்கலையே?” என்றார். “இல்லீங்ணா, ஓட்டத்தான் போட்டாங்க” என்றேன். “அப்பறம் என்ன. எம்பட மேல எந்தப் பொட்டிய வெச்சாலும் இழுத்துட்டுப் போயிருவேன். சும்மா நிக்கறதுக்கு வேற ஆளப் பாக்கச் சொல்லுங்க.”

சைதாமா மாவட்டத்தில் இவாட்சுகி என்ற ஊரின் கோட்டைப் பூங்காவில், அந்த 1720 வரிசையின் முகப்புப் பெட்டி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். குழந்தைகள் ஏறி உட்காரலாம். பழைய ஆடம்பரத்தைப் பார்த்துப் பெரியவர்கள் உருகலாம். மரபைப் போற்றுவது என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பூங்காக் காரியந்தான்: ஓடாத உடம்புக்கு வர்ணம் பூசி வைப்பது. அந்த வரிசையின் மோட்டார்களோ வெகு தூரத்தில், யாருடைய உருகலும் இல்லாமல், வேறு பெயரில், நெசவு ஊர்களுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஓடின. மரபு என்று ஒன்று உண்டானால் அது அங்கேதான் இருந்தது.

இரண்டு பையன்களில் ஒருவன் பாலசோர் பக்கத்துக்காரன். போன வாரத்திலிருந்து, யாரும் உத்தரவு போடாமலே, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் பக்கத்தில் வந்து நிற்கிறான். அவர் தமிழில் சொல்கிறார். அவன் சட்டத்தில் கையை வைக்கிறான். சின்ன முதலாளி இன்னும் பதில் சொல்லவில்லை.